ஊர் பார்க்க வந்தவர் கடை பார்த்த கதை

சென்ற தை மாதம், பொங்கல் கழிந்து நான்காம் நாள், கோயம்புத்தூரிலிருந்து நமது சம்பந்தி தம்பதி சமேதராக வந்து மூன்று நாள் நம் வீட்டில் தங்கினார்கள். சம்பந்திக்கு மில் ஸ்டோர்ஸ் வியாபாரம். பெல்ட், பேரிங், போல்ட்டு, நட்டு என்று நாற்பது வருஷமாக இரும்போடு பழகிய மனிதர். முதல் நாள் பெரிய கோயிலையும் அரண்மனையையும் சுற்றிக் காட்டினோம். மறுநாள் காலை காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்:

"கோயில் பார்த்தாச்சுங்க சம்பந்தி. இனி உங்க ஊர்க் கடைகளைக் காட்டுங்க. ஜவுளிக் கடை, நகைக் கடை வேண்டாமுங்க. அதெல்லாம் எங்க கிராஸ்கட் ரோட்டிலேயே வரிசையா இருக்குது. இங்க மட்டும் இருக்கிற கடையாப் பார்த்துக் காட்டுங்க."

நமக்குத் திகைப்பாகிவிட்டது. கீழவாசலில் நமது மளிகை மண்டி மூன்று தலைமுறையாக நடக்கிறது. மண்டிக்குப் போகிற வழி, பேங்குக்குப் போகிற வழி, லாரி புக்கிங் ஆபீசுக்குப் போகிற வழி, வணிக வரி அலுவலகத்துக்குப் போகிற வழி ஆகியவை கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். ஆனால் ஊரில் என்ன கடை விசேஷம் என்று கேட்டால் நாம் யோசிக்க வேண்டியிருந்தது. 1987-ல் பெரிய கோயில் உலகப் பாரம்பரியச் சின்னமான பிறகு வெளிநாட்டார் எத்தனையோ பேர் தோளில் பையும் கையில் காமிராவுமாக நம் தெருவழியாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் எங்கே போகிறார்கள், எதை வாங்குகிறார்கள் என்று நாம் ஒருநாளும் விசாரித்ததில்லை. நம் அங்கத்தினர்களில் பலரும் இப்படித்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறோம். சில்லறை வாடிக்கையாளரின் முகம் மொத்த வியாபாரிக்குத் தெரிவதில்லை.

முதலில் அய்யங்கடைத் தெருவுக்கு அழைத்துப் போனோம். காலை நேரம், கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தார்கள். எண் போட்ட பலகைகளைச் செருகிச் சாத்துகிற பழைய கடை ஒன்றின் முன் சம்பந்தி நின்றுவிட்டார். பையன் ஒருவன் பலகைகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தான். "ஏனுங்க, இதுல நாலாம் நம்பரும் அஞ்சாம் நம்பரும் மாறிப் போச்சுன்னா?" என்று அவர் கேட்க, "கடைசிப் பலகை நுழையாதுங்க ஐயா, மறுபடி எல்லாத்தையும் கழட்டணும்" என்றான் பையன். சம்பந்திக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். நம் மண்டியிலும் 1998 வரை பதினோரு பலகைதான். ஷட்டர் போட்ட அன்று எல்லாருக்கும் பாயசம் கொடுத்தோம்.

அரண்மனையில் முதல் நாள் அவசரத்தில் விட்டுப்போன இடம் ஒன்று இருந்தது. சரசுவதி மகால் நூலகத்தின் புத்தக விற்பனைப் பிரிவு. இரண்டாம் சரபோஜி மன்னர் சேர்த்த சுவடிகளும் நூல்களும் கொண்ட நூலகம் இது என்பது நேயர்கள் அறிந்ததே. 1918-ல் பொது நூலகமாயிற்று. சுவடியிலிருந்து பெயர்த்து அச்சிட்ட வைத்தியம், சோதிடம், இசை, சிற்பம் முதலிய நூல்களை அங்கே விற்கிறார்கள். வேறு ஊரில் தேடினால் கிடைப்பது அரிது. சம்பந்தி சரபேந்திர வைத்திய முறைகளில் இரண்டு தொகுதி வாங்கினார். நாம் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் அன்றுதான் அங்கே முதன்முதலாக ஒரு புத்தகத்துக்குக் காசு கொடுத்தோம்.

சம்பந்தி அம்மாளுக்குக் கொலு வைக்கும் வழக்கம் உண்டு. ஆகவே தலையாட்டி பொம்மை பார்க்க வேண்டும் என்றார்கள். இதில் இரண்டு வகை உண்டென்பது வெளியூரார் பலருக்குத் தெரியாது. ஒன்று, அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும் இருக்கும் ராஜா ராணி பொம்மை. எந்தப் பக்கம் சாய்த்தாலும் எழுந்து நிற்கும். மற்றொன்று, தலை, உடம்பு, பாவாடை என்று தனித்தனிப் பாகமாகச் செய்து கம்பி முனையில் உட்கார வைத்த நாட்டியப் பொம்மை. காற்றுப் பட்டாலே தலையும் இடுப்பும் ஆடும். புன்னைநல்லூர் மாரியம்மன் கோயில் வாசலில் விற்கிறார்கள் என்று ஆட்டோ பிடித்துப் போனோம். சம்பந்தி ஒரு ராஜாவைத் தரையில் வைத்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "பேலன்சிங் பிரமாதமுங்க, எங்க லேத்துக்காரங்களுக்கு இதைக் காட்டணும்" என்றார்.

அங்கிருந்து ஊருக்குள் திரும்பி வீணைப் பட்டறைக்குச் சென்றோம். தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரம், இருபத்துநான்கு மெட்டு, மெழுகு வைத்துப் பதிப்பது, யாளி முகம் என்று பட்டறைக்காரர் ஒவ்வொன்றாகக் காட்டினார். பலாச் சிராய் வாசனை மூக்கை நிறைத்தது. சம்பந்தி ஆசைப்பட்டு, "இது என்னங்க விலை?" என்று பெரிய வீணை ஒன்றைக் காட்டிக் கேட்டார். அவர் விலை சொல்லவில்லை. "வீட்ல யாரு வாசிக்கறாங்க?" என்று திருப்பிக் கேட்டார். யாரும் வாசிப்பதில்லை, ஹாலில் வைக்கலாம் என்று நினைத்தேன் என்று சம்பந்தி உள்ளதைச் சொன்னார். உடனே அந்த மனிதர் உள்ளே போய் ஒரு சாண் நீளமுள்ள அலங்கார வீணை ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார். பெரிய சரக்கை விற்கக்கூடிய இடத்தில் சின்னச் சரக்கைக் கொடுத்தார். நம் கடைச் சிப்பந்தி அப்படிச் செய்திருந்தால் நாம் கோபித்திருப்போம். ஆனால் சம்பந்தி இன்று வரை போனில் அந்தப் பட்டறைக்காரரைத்தான் விசாரிக்கிறார்.

மாலையில்தான் நாம் சொல்ல வந்த விஷயம் நடந்தது.

சந்து ஒன்றில் பழஞ்சாமான் கடை இருப்பதாக ஆட்டோக்காரர் சொல்லி அழைத்துப் போனார். கடையின் பெயர் இங்கே வேண்டாம். உள்ளே நுழைந்தால் காலை வைக்க இடமில்லை. பித்தளைத் தவலை, அண்டா, வெண்கலப் பானை, மாடவிளக்கு, பல்லாங்குழி, பெல்ஜியம் கண்ணாடி, சாவி இல்லாத பூட்டு, பூட்டு இல்லாத சாவி, சுவரில் ரவிவர்மா படம், மூலையில் குத்துக்கல் மாதிரி ஒரு கல்லாப்பெட்டி. சம்பந்தி பூட்டுகளின் பக்கம் போய்விட்டார். நாம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே ஒரு மரக்கால்.

மரத்தில் கடைந்து, மேலும் கீழும் பித்தளைப் பூண் போட்டது. பூணில் மூன்று எழுத்து வெட்டியிருந்தது. அந்த எழுத்துகள் மன்னார்குடிப் பக்கத்து நெல் மண்டி ஒன்றினுடையவை என்று பார்த்தவுடனே நமக்குத் தெரிந்துவிட்டது. நம் தகப்பனாருக்கு அவர்களோடு கொடுக்கல் வாங்கல் இருந்தது. மண்டி மூடி முப்பது வருஷம் ஆகிறது.

இளைய தலைமுறை வணிகர்களுக்காக ஒரு வார்த்தை. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். படியின் அளவு ஊருக்கு ஊர் மாறும். ஆகவே மரக்காலும் மாறும். எந்த ஊர் மரக்கால் என்று பேசிக்கொள்ளாமல் நெல் வாங்கினவன் கெட்டான். 1956-ல் சட்டம் வந்து, 1958 முதல் படிப்படியாக கிலோவும் லிட்டரும் கட்டாயமாயின. ஆனாலும் நமது பள்ளிக்கூட நாட்களில்கூடக் களத்துமேட்டில் மரக்கால்தான். அளக்கிறவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார். 'லாபம்' என்றுதான் தொடங்குவார். லாபம், இரண்டு, மூன்று என்று போகும். நம் பாட்டனார் வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டே விரலில் எண்ணுவார்.

நம் மண்டியிலும் மூன்று மரக்கால் இருந்தன. தகப்பனார் காலமான மறு வருஷம், 2004-ல், பின்கட்டை ஒழித்துக் குடோன் கட்டினோம். அப்போது மூன்று மரக்கால், ஆறு படி, ஆள் உயரத் தராசு ஒன்று, தட்டுகள், எடைக்கல் எல்லாவற்றையும் பழைய இரும்பு வாங்குகிறவரிடம் போட்டுவிட்டோம். மரத்துக்கு விலை இல்லை என்று பூணைக் கழற்றி, பித்தளையை மட்டும் நிறுத்தார். மொத்தம் 2,340 ரூபாய். அன்றைய நாள்வழியில் 'பழைய சாமான் வகை வரவு' என்று நம் கையெழுத்திலேயே இருக்கிறது. இதை எழுதுமுன் எடுத்துப் பார்த்தோம்.

இந்தக் கடைக்காரர் இந்த ஒரு மரக்காலுக்குச் சொன்ன விலை 12,000.

"நூத்தம்பது வருஷப் பொருள் ஐயா, வெள்ளைக்காரன் காலத்துக்கு முந்தியது" என்றார். சம்பந்தி பேரத்தில் கெட்டிக்காரர். அரை மணி நேரம் பூட்டைப் பற்றியே பேசிவிட்டுக் கடைசியில் போகிற போக்கில் மரக்காலைக் கேட்டு 7,500-க்கு முடித்தார். பில் கேட்டபோதுதான் வேடிக்கை. "அறுபது எழுபது வருஷப் பழசுன்னு போட்டுடறேன் ஐயா" என்றார் கடைக்காரர். விலை பேசும்போது நூற்றைம்பது, பில் எழுதும்போது அறுபது!

காரணம் இல்லாமல் இல்லை. 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத சிற்பம், நாணயம், ஓவியம், கைவினைப் பொருள் முதலியன தொல்பொருள். சுவடிகளுக்கு எழுபத்தைந்து வருஷம். இவற்றை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. ஐயம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் 'இது தொல்பொருள் அல்ல' என்ற சான்று வாங்கிக்கொள்வது உத்தமம். சுவாமி விக்கிரகத்தின் பக்கமோ போகவே வேண்டாம். 1976-ல் நமது பழைய தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த பத்தூரில் மண்ணுக்கடியில் கிடைத்த நடராஜர், கை மாறிக் கை மாறி லண்டன் போய், கனடா நாட்டு எண்ணெய்க் கம்பெனி ஒன்று அதை விலைக்கு வாங்கி, கடைசியில் இங்கிலாந்து நீதிமன்றத் தீர்ப்பின்பேரில் 1991-ல் திரும்பி வந்த கதை உலகப் பிரசித்தம். காசு கொடுத்து வாங்கினோம் என்று வாதாடியும் அந்தக் கம்பெனிக்குச் சிலை நிற்கவில்லை. சிலை வேண்டுமென்போர் சுவாமிமலைக்குப் போய், காவிரி வண்டல் மண்ணில் அச்செடுத்து வார்க்கும் ஸ்தபதிகளிடம் புதிதாகச் செய்து வாங்கிக்கொள்ளலாம். பில்லும் கிடைக்கும், தூக்கமும் கெடாது.

வரி விஷயமும் ஒன்று. பழைய பொருளை வாங்கி, உருமாற்றாமல் விற்கிறவர், கொள்முதலில் உள்ளீட்டு வரி எடுக்காதிருந்தால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் ஜி.எஸ்.டி. கட்டினால் போதும் என்று விதி இருக்கிறது. நம்மில் சிலருடைய பிள்ளைகள் இந்தத் தொழிலில் இறங்க யோசிப்பதாகக் கேள்வி. ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும்.

பழஞ்சாமான் வியாபாரம் நம் பக்கத்தில் புதிதல்ல. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் வரிசையாக இந்தக் கடைகள்தான். செட்டிநாட்டு வீடுகள் பாகம் பிரிந்து இடிபட இடிபட, பர்மாத் தேக்குத் தூண், கதவு நிலை, எனாமல் அடுக்கு, பீங்கான் பரணி எல்லாம் அங்கே வந்து சேர்ந்தன. சென்னையில் 1900-ல் திறந்த மூர் மார்க்கெட்டில் கிடைக்காத பழசு இல்லை என்பார்கள். 1985 மே மாதம் ஒரே தீயில் போயிற்று. ஆனால் நம் மனதில் அன்று வந்தது இவை இரண்டும் அல்ல. மட்டாஞ்சேரி.

1981, 82 வாக்கில் மிளகு கொள்முதலுக்காகத் தகப்பனாரோடு கொச்சி மட்டாஞ்சேரிக்கு மூன்று முறை போயிருக்கிறோம். யூதத் தெருவில் இருபுறமும் குடோன். மிளகும் சுக்கும் ஏலமும் மூட்டை மூட்டையாக. தெருவில் நடந்தாலே தும்மல் வரும். 1957-ல் தொடங்கிய மிளகு முன்பேர வர்த்தகமும் அந்தத் தெருவில்தான். ஐந்து வருஷம் முன்பு குடும்பத்தோடு குருவாயூர் போனவர்கள் அங்கேயும் போனோம். குடோன்கள் அப்படியே இருக்கின்றன. உள்ளே மிளகு இல்லை. பழங்காலப் பெட்டி, தூண், குதிரை பொம்மை, கோயில் வார்ப்பு எல்லாம் விற்பனைக்கு அடுக்கியிருக்கிறார்கள். மிளகு நிறுத்த தராசையே ஒரு கடையில் வாசலில் அலங்காரமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அன்று நாம் அதை ஒரு வேடிக்கையாகப் பார்த்துவிட்டு வந்தோம். மன்னார்குடி மரக்காலைக் கையில் தூக்கியபோதுதான் அது வேறு மாதிரி உறைத்தது.

மூன்றாம் நாள் கும்பகோணம். பாத்திரக் கடைகள், நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, 2025-ல் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலை, சீவல், டிகிரி காபி என்று அங்கே பார்க்க நிறைய உண்டு. எல்லாம் தெரிந்தவைதான், நீட்டவில்லை. சம்பந்தி நாற்பது நிமிஷம் நின்ற இடம் ஒரு நாட்டு மருந்துக் கடை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறை. ஒவ்வொன்றிலும் பெயிண்டில் பெயர். அதிமதுரம், அரத்தை, சித்தரத்தை, கண்டங்கத்தரி, திப்பிலி, வாய்விடங்கம். பல எழுத்துகள் அழிந்துபோய்விட்டன. ஆனால் பெரியவர் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி வேண்டியதை எடுக்கிறார். மொத்தம் எத்தனை இழுப்பறை என்று கேட்டால், எண்ணியதில்லை என்றார்.

சம்பந்தி செல்போனில் படம் எடுத்தார். பெரியவர் மறுக்கவில்லை. ஆனால் நம்மைப் பார்த்து, வியாபாரிக்கு வியாபாரி என்ற முறையில், மெதுவாகச் சொன்னார்: "தினம் பத்துப் பேர் வந்து படம் எடுக்கறாங்க. கடை அழகா இருக்குங்கறாங்க. வாங்கறது யாருன்னு கேளுங்க. நேத்து வந்தவங்க பத்து கிராம் திப்பிலி வாங்கினாங்க. பில்லு பேப்பர் காசு வரல. இவங்க சொல்ற அழகை வச்சு நான் வாடகை கொடுக்க முடியுமா?"

சம்பந்தி காதில் விழுந்துவிட்டது. அவர் உடனே சுக்கு, திப்பிலி, அதிமதுரம், வசம்பு என்று 600 ரூபாய்க்கு வாங்கினார். பாதி, தேவையில்லாததுதான். பெரியவரும் அதைத் தெரிந்துகொண்டேதான் பொட்டலம் கட்டினார். நாம் மொத்த விலை விவரம் விசாரித்துக்கொண்டோம்; சித்தரத்தையில் அவருக்குச் சரக்கு தட்டுப்பாடு இருந்தது. நம் மூலம் இப்போது மாதம் ஒரு மூட்டை போகிறது. வியாபாரம் என்று பார்த்தால் மூன்று நாள் சுற்றியதில் நமக்குக் கிடைத்தது அதுதான்.

அன்று இரவு சம்பந்தியை மண்டிக்கு அழைத்துப் போனோம். ஊர் பூராவும் கடை காட்டிவிட்டு நம் கடையைக் காட்டாமல் அனுப்புவது முறையில்லை அல்லவா? அவர் உள்ளே வந்ததும் நேரே போய் உட்கார்ந்தது பாட்டனாரின் கல்லா மேஜையில். சாய்வுப் பலகை, உள்ளே ஒன்பது அறை, வெள்ளிக்காசு போடுகிற கிண்ணக் குழி, ரகசிய இழுப்பறை ஒன்று. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதுகிற உயரம். இப்போது அதன்மேல் காலிச் சாக்கு அடுக்கியிருக்கிறோம்.

அதற்கு நாள் குறித்தாகிவிட்டது என்பது சம்பந்திக்குத் தெரியாது. நம் மகன் கடையைப் புதுப்பிக்கத் திட்டம் போட்டிருந்தான். பிளைவுட் ரேக், கண்ணாடி, உட்கார்ந்து பில் போடும் கவுண்ட்டர். கொட்டேஷன் 4,80,000 ரூபாய். திங்கட்கிழமை தச்சர் வருகிறார். பழைய மரத்தை அவரே எடுத்துக்கொண்டு 15,000 கழித்துக்கொள்வதாகப் பேச்சு. மகன் சொல்வதிலும் தப்பில்லை. பழைய மர அலமாரியில் வண்டு அண்டுகிறது; பருப்பில் ஒரு வண்டு கிடந்தால் இன்றைக்கு உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கே கேள்வி வரும். எலி வேறு. பில் போடுகிற பெண் தரையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்ட முடியாது.

சம்பந்தி ரகசிய இழுப்பறையைத் தானே கண்டுபிடித்துத் திறந்தார். உள்ளே ஓட்டைக் காலணா இரண்டும் ஒரு துருப்பிடித்த பேனா நிப்பும் இருந்தன. "இதை என்ன விலைக்குக் கொடுப்பீங்க சம்பந்தி?" என்றார். விளையாட்டாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா தெரியவில்லை. மகன் நம் முகத்தைப் பார்த்தான். முந்தின நாள் மரக்கால் விலையை அவனிடம் நாம் சொல்லியிருந்தோம். நாம் விலை சொல்லவில்லை. காபி வரவழைத்தோம்.

மறுநாள் ரயிலில் மரக்காலைச் சம்பந்தி மடியிலேயே வைத்துக்கொண்டு போனார். வெறும் மரக்காலை வீட்டிலிருந்து வெளியே அனுப்பக்கூடாது என்று நம் வீட்டம்மாள் அதில் நெல் நிரப்பி, மேலே மஞ்சள் துணி கட்டிக் கொடுத்தார்கள். மதுக்கரைப் பக்கத்து வீட்டில் வாசலருகே வைத்திருப்பதாகவும், வருகிறவர்கள் இது என்னவென்று கேட்பதாகவும், அவர் 'லாபம், இரண்டு, மூன்று' கதையைச் சொல்வதாகவும் அறிகிறோம்.

திங்கட்கிழமை தச்சர் வந்தார். அலமாரிகளை எடுத்துக்கொண்டார். கல்லா மேஜையை மட்டும் தரவில்லை. அதற்காகக் கழிவில் 6,000 குறைத்துக்கொண்டார். அதற்கு அடியில் மரக்கால் உயரத்துக்கு நான்கு கால் போட்டு நிமிர்த்தி, வாசலுக்கு எதிரே வைத்து, அதன்மேலேயே கம்ப்யூட்டரை ஏற்றியிருக்கிறோம். பில் போடுகிற பெண்ணுக்கு முழங்கால் இடிக்கிறதாம். ஸ்கேனர் வயர் போக ஒரு ஓட்டை போட்டே ஆகவேண்டும் என்கிறான் மகன். ரகசிய இழுப்பறைப் பக்கம் போடலாம் என்பது அவன் கட்சி. கூடவே கூடாது என்பது நம் கட்சி. இதை எழுதும்வரை ஓட்டை போடவில்லை. வயர் மேஜையைச் சுற்றிக்கொண்டு போகிறது.